தண்ணீர் பவுசர் ஏறாத மலையில்

முகாம் வாழ்க்கையில் எது பெரிய கஷ்டம் என்று கேட்டால், சாப்பாடு என்று சொல்பவர்கள் பெரும்பாலும் முகாமில் இருந்திராதவர்கள். இருந்தவர்கள், அதிலும் பெண்கள், மலசலகூடம் என்றுதான் சொல்வார்கள். 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்ற சகோதரிகளுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. பகலில் போக வெட்கப்பட்டு இருட்டும்வரை அடக்கிக்கொண்டு இருந்ததும், இருட்டிய பின் போகப் பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்ததும் உங்களுக்குத் தெரிந்த கதை. அதே கதை ஊவா மலைகளில் எப்படி நடக்கிறது என்பதையே இங்கு எழுதுகிறேன்.

வன்னிக்கும் பதுளைக்கும் தூரம் அதிகம் என்று எண்ண வேண்டாம். 1977 இலும் 1983 இலும் நடந்த வன்செயல்களுக்குப் பின் மலையகத் தோட்டங்களிலிருந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். 1983 ஜூலையில் பதுளை நகரமும் எரிந்தது. அன்று மலையிலிருந்து ஓடியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் 2009 இல் மெனிக் பாம் கூடாரங்களில் இருந்தார்கள். மலையிலேயே தங்கிவிட்ட உறவுகளை இடம்பெயர வைப்பது மழையும் மண்ணும்.

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியது. பெரியவர்கள் வேலைக்கும் பிள்ளைகள் பாடசாலைக்கும் புறப்படும் நேரம் அது. பலருடைய உடல்கள் கடைசிவரை கிடைக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. போவதற்கு மாற்று இடம் கொடுக்கப்படாதவர்களிடம் எச்சரிக்கைக் கடிதத்தை மட்டும் கொடுத்து என்ன பயன் என்று அப்போதும் கேட்டோம்.

சமூகவியல் பட்டப்படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த நேரம் அது. சிங்களமும் தமிழும் பேசுவேன் என்பதால், தொண்டராகப் போன என்னை மொழிபெயர்க்கும் வேலையில் போட்டார்கள். தப்பியவர்களும், ஆபத்தான லயன்களிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களும் கொஸ்லந்தை, பூனாகலைத் தமிழ்ப் பாடசாலைகளில் தங்கியிருந்தார்கள். பாடசாலை மலசலகூடம் சிறு பிள்ளைகளுக்குக் கட்டியது. அதுவும் பகலில் சில மணி நேரம் பாவிப்பதற்கு. அங்கே நூற்றுக்கணக்கான பெரியவர்கள் இரவு பகலாக இருந்தால் குழி எத்தனை நாளைக்குத் தாங்கும்?

உதவி வரவில்லை என்று சொல்ல முடியாது. நாடு முழுவதிலும் இருந்து, எல்லா இனத்தவரும் லொறி லொறியாக அனுப்பினார்கள். வந்த உதவி சரியான இடத்தில் பொருந்தவில்லை என்பதுதான் பிரச்சினை. போத்தல் தண்ணீர் மலைபோல் குவிந்திருக்கும்; கால் கழுவத் தண்ணீர் இருக்காது. ஒரு நிறுவனம் (பெயர் வேண்டாம்) தற்காலிக மலசலகூடங்களைக் கொண்டுவந்து, லொறி நின்ற இடத்திலேயே வாசல் பாதையைப் பார்க்கும்படி வைத்துவிட்டுப் போனது. பொலிஸ்காரர், பத்திரிகைக்காரர், பார்க்க வந்த சனம் என்று எல்லோரும் அந்தப் பாதையில்தான் நின்றார்கள். அதற்குள் ஒரு குமர்ப்பிள்ளை எப்படிப் போவாள்? இரண்டு நாளாக அவை வெறுமையாகக் கிடந்தன. “இந்தச் சனத்துக்குக் கக்கூஸ் பாவிக்கத் தெரியாது” என்று ஒருவர் சொன்னதையும் நான் கேட்டேன். அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

இப்படியான குழப்பம் வராமல் இருக்கத்தான் ‘இணைப்பு’ என்று ஒன்று இருக்கிறது. யார் எங்கே என்ன செய்கிறார்கள் என்று ஒரே தாளில் எழுதி வைப்பதே அதன் சாரம். பிரதேச செயலாளர் கூட்டத்தைக் கூட்டுவார். அனர்த்த முகாமைத்துவ நிலையம், சுகாதார வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, தோட்ட நிர்வாகம், உதவி நிறுவனங்கள் எல்லோரும் வருவார்கள். உலக அளவிலும் இதே ஒழுங்குதான். 2005 முதல் நீர், சுகாதார வேலைகளை இணைக்கும் பொறுப்பை யுனிசெவ் ஏற்று வருகிறது.

ஆனால் கூட்டம் காலை பத்து மணிக்கு. அந்த நேரத்தில் தோட்டத்துப் பெண் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பாள். கூட்டத்துக்கு வந்தால் அன்றைய பேர் விழாது. 2014 இல் அடிப்படை நாட்சம்பளம் 450 ரூபா. வீட்டை இழந்தவளுக்கு அது பெரிய காசு. ஆகவே தொழிற்சங்கத் தலைவர்மார் வருவார்கள், கங்காணி வருவார், எல்லோரும் ஆண்கள். கூட்டமோ சிங்களத்தில். தண்ணீர் சுமப்பவள், பிள்ளையைக் குளிப்பாட்டுபவள், வயதான மாமியாரை இரவில் வெளியே கூட்டிப் போகிறவள் ஒருத்தியும் அங்கே இல்லை. தாங்கி எங்கே, மலசலகூடம் எங்கே என்று அந்தக் கூட்டம் தீர்மானிக்கும். பாதையோரத்துக் கதவு இப்படித்தான் வந்தது.

கணக்கையும் கொஞ்சம் பார்ப்போம். ஸ்பியர் என்ற சர்வதேசக் கைநூல் ஒன்று உண்டு. 1990களின் பிற்பகுதியில் உதவி நிறுவனங்கள் கூடி உருவாக்கத் தொடங்கியது. ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர் தண்ணீர் என்கிறது அது. மலசலகூடம், ஆரம்ப நாட்களில் 50 பேருக்கு ஒன்று, பிறகு 20 பேருக்கு ஒன்று. பெண்களுக்கு ஆண்களைவிட மூன்று மடங்கு. கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள், இரவில் வெளிச்சம். ஆளுக்கு மாதம் 250 கிராம் குளியல் சவர்க்காரம், 200 கிராம் உடுப்புச் சவர்க்காரம். 300 பேர் தங்கும் முகாமென்றால் ஒரு நாளைக்கு 4,500 லீற்றர் தண்ணீரும், நாள் செல்லச் செல்ல 15 மலசலகூடமும் வேண்டும். இந்த எண்களை மனதில் வைத்திருந்தால் முகாமுக்கு வரும் அதிகாரியிடம் கேள்வி கேட்கலாம். “தண்ணி போதாது சேர்” என்று சொல்வதற்கும், “நாங்கள் 300 பேர், நேற்று வந்தது 2,000 லீற்றர்” என்று சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இரண்டாவதைச் சொன்னால் அவர் குறிப்புப் புத்தகத்தைத் திறப்பார்.

கைநூலில் மலை இல்லை என்பது என்னுடைய குறை. தண்ணீர் எடுக்கும் இடம் 500 மீற்றருக்குள் இருக்க வேண்டும் என்கிறது. தட்டையான நிலத்தில் அது சரி. படிக்கட்டும் சறுக்கலும் உள்ள தோட்டத்தில், கொழுந்துக் கூடையை இறக்கி வைத்தவுடன் 20 லீற்றர் கேனைத் தூக்கிக்கொண்டு 500 மீற்றர் ஏறிப் பார்க்கட்டும். பவுசர் தார்ப்பாதை முடியும் இடத்தில் நின்றுவிடும். பவுசரிலிருந்து மேலே ஒரு தாங்கிக்குப் பம்பி மூலம் ஏற்றி, அங்கிருந்து குழாய் இழுப்பது நல்லது. இல்லாவிட்டால் பெண்ணின் இடுப்புத்தான் பம்பி.

மலசலகூடத்திலும் மலைக்கென்று ஒரு சட்டம் இருக்கிறது. வன்னி மண்ணில் குழி வெட்டுவது போல் இங்கே வெட்ட முடியாது. ஓரடியில் கல் தட்டும். கல் இல்லாத இடத்தில் இன்னும் மோசம்: உறிஞ்சு குழியில் விடும் தண்ணீர் சரிவுக்குள் இறங்கி, ஏற்கனவே நனைந்து தளர்ந்திருக்கும் மண்ணை மேலும் பாரமாக்கும். குளிக்கும் தண்ணீர், ஒழுகும் குழாய் எல்லாமே அப்படித்தான். மண் சரிந்து வந்தவர்களுக்குக் கட்டும் மலசலகூடமே அடுத்த சரிவுக்கு வழியாகக்கூடாது. எனவே மூடிய தாங்கி வைத்து, கழிவு பவுசரால் உறிஞ்சி எடுக்க வேண்டும். அந்த பவுசரும் ஏறக்கூடிய இடமாக இருக்க வேண்டும். கழிவு நீர் வழிந்தோடக் கட்டிய கான் வேண்டும்.

இனி குளோரின் கதை. பீலித் தண்ணீர் குடித்துப் பழகிய சனத்துக்குப் பவுசர் தண்ணீரின் வாசம் பிடிப்பதில்லை. “தேத்தண்ணி மருந்து மாதிரி இருக்குங்க, பிள்ள” என்று ஒரு பாட்டி முகத்தைச் சுளித்தார். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தேநீரைப் பற்றி அவர் சொன்னதை மறுக்க எனக்கு என்ன தகுதி? அவருக்குச் சுகாதாரப் பரிசோதகர் பொறுமையாகச் சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்தது. தேத்தண்ணி கொதிக்கிறது, ஆகவே அதில் பயமில்லை. பால்மா போத்தல் கழுவுகிற தண்ணீர், வாய் கொப்பளிக்கிற தண்ணீர், பிள்ளை ஓடிவந்து அள்ளிக் குடிக்கிற தண்ணீர் கொதிப்பதில்லை. மண் சரிந்த பின் மேலே உடைந்த லயன் மலசலகூடத்தின் அழுக்கு பீலிக்குள் இறங்குகிறது. கண்ணுக்குத் தெளிவாக இருந்தாலும் அது பழைய பீலி அல்ல. கலங்கிய தண்ணீரில் குளோரின் போட்டாலும் வேலை செய்யாது. முதலில் தெளியவைத்து, துணியில் வடிக்க வேண்டும். ஒரு லீற்றரில் 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை குளோரின் மிஞ்சி நின்றால்தான் பாதுகாப்பு. அந்த மெல்லிய வாசம், தண்ணீருக்குக் காவல் இருக்கிறது என்பதற்கு அடையாளம். 2009 இல் மெனிக் பாமில் செங்கண்மாரி பரவியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

மாதவிலக்கு விடயத்தைக் கூட்டத்தில் யாரும் பேசமாட்டார்கள். ஆனால் நப்கின் பெட்டிகள் வரும். வரிசையில் நிறுத்தி, இளைஞர்கள் பெயர் வாசித்துக் கொடுத்தபோது பாதிப் பேர் வரிசையை விட்டு விலகினார்கள். எடுத்தவர்களுக்கும் பாவித்ததை எங்கே போடுவது என்று தெரியவில்லை. மலசலகூடத்துக்குள் போட்டு, அதுவும் அடைத்தது. தோட்டத்துப் பெண்கள் பலர் துணியே பாவிக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது துணி, சவர்க்காரம், மூடியுள்ள வாளி, ஆண் கண் படாமல் வெயிலில் காயப்போட ஒரு கொடி. இதைச் சொன்னது நானல்ல, பிள்ளைமடுவத்தில் வேலை செய்யும் அம்மா. தோட்டத்தில் எல்லாத் தாய்மாரும் தயங்காமல் பேசும் ஆள் அவர்தான். அவர் மூலமும் குடும்ப நல மாது மூலமும் அடுத்த தொகுதி விநியோகமானது. யாருமே வரிசையில் நிற்கவில்லை.

பிறகு பல குடும்பங்கள் மாகல்தெனிய தேயிலைத் தொழிற்சாலைக்கு மாற்றப்பட்டன. பாடசாலையைப் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே. கொழுந்து வாட்டும் மண்டபத்தில் சீலை கட்டிப் பிரித்துக் குடும்பம் நடத்தினார்கள். 75 புதிய வீடுகள் கையளிக்கப்பட்டது 2016 இல். அவசரத்துக்கென்று வைத்த தண்ணீர்த் தாங்கியை இரண்டு வருடம் பாவிப்பார்கள் என்று ஆரம்பக் கூட்டங்களில் யாரும் கணக்கிடவில்லை.

ஏன் இவ்வளவு இழுபடுகிறது என்பதற்குச் சட்டத்திலும் ஒரு காரணம் இருந்தது. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் பிரதேச சபைகள் பணம் செலவிடத் தடையாக இருந்தது. அது தோட்டத்து வேலை என்று சபை சொல்லும். எங்களிடம் காசில்லை, அரசாங்கத்தைக் கேளுங்கள் என்று தோட்டம் சொல்லும். வாக்குப் போடும்போது மட்டும் தோட்டத்து மக்கள் சபைக்கு உரியவர்கள். 2018 இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. திருத்தம் வந்துவிட்டது என்பது எல்லாத் தோட்டத்துப் பெண்களுக்கும் தெரியாது. ஆகையால் இதை வாசிக்கும் ஒவ்வொருவரும் மலையகத்தில் உள்ள உறவுகளுக்குச் சொல்லிவிடுங்கள்.

2023 மார்ச்சில் பூனாகலை கபரகலை தோட்டத்தில் மண் சரிந்தபோது, அந்தக் குடும்பங்களும் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குத்தான் போனார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் பலியானார்கள். பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. பாதை, மின்சாரம், தொலைபேசி எல்லாம் துண்டிக்கப்பட்டு, பதுளைக்கு வருவதே பெரும்பாடாகியது.

அப்போது நான் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில், கோவில் மண்டபத்தில் இருந்தவர்களுக்கான நீர், சுகாதார வேலையை இணைத்தேன். கூட்டத்தை மாலை ஐந்து மணிக்கு வைத்தோம், தமிழில். முதல் நாள் பெண்கள் பின்னால் நின்றார்கள். தலைவர் பேசினார். இரண்டாம் நாள், தாங்கி வைக்கும் இடத்தைக் காட்டச் சொல்லி எல்லோரையும் வெளியே கூட்டிப் போனேன். வெளியில் வந்ததும் வாய் திறந்தது. “இங்க வைக்காதீங்க மிஸ், இது சாராயம் குடிக்கிறவங்க ஒக்கார்ற எடம்” என்றாள் ஒரு பதினாறு வயதுப் பிள்ளை. எந்த வரைபடத்திலும் அது இருக்காது. பெண்களின் மலசலகூடம் கோவில் மடப்பள்ளிக்குப் பின்னால் போனது. திறப்பு ஐந்து பெண்களிடம் முறை வைத்து இருந்தது. சூரிய ஒளியில் எரியும் விளக்கு ஒன்று வாசலிலும் ஒன்று பாதையிலும். மலசலகூடம் கழுவும் முறையில் ஆண்களின் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று அவர்கள் ஒற்றைக் காலில் நின்றதை நான் எதிர்பார்க்கவில்லை. தலைவரின் பெயர் செவ்வாய்க்கிழமைக்கு விழுந்தது. மனிதர் கழுவவும் செய்தார்.

குளிக்கும் இடத்துக்கு மறைப்புக் கட்ட இன்னும் எட்டுத் தகரம் வேண்டுமென்று அவர்களே கடிதம் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். கொண்டுபோய்ப் பிரதேச செயலகத்தில் கொடுத்தேன். ஐந்து கிடைத்தது. மிச்சத்துக்குக் கொழுந்துச் சாக்கைத் தைத்துக் கட்டிக்கொண்டார்கள்.