96.5 சதவீதம் போதவில்லை

1984 நவம்பர் 18. தென் பசிபிக்கில் பிரான்ஸ் ஆளும் நியூ கலிடோனியாவில் அன்று தேர்தல். கனாலா என்ற சிற்றூரில் எலுவா மஷோரோ கோடரியை ஓங்கி ஓட்டுப்பெட்டியை உடைத்தார். ஆசிரியராக இருந்து அரசியலுக்கு வந்தவர் அவர். தீவின் பூர்வகுடிகளான கனாக் மக்களின் விடுதலை இயக்கத்தில் முன்னணித் தலைவர். இரண்டு மாதத்துக்குள் பிரெஞ்சு ஆயுதப் போலீஸின் குண்டுக்கு இரையானார்.

அடிமைப்பட்ட மக்கள் ஓட்டுரிமைக்காகப் போராடிய கதைகளை நிறையக் கேட்டிருக்கிறோம். கையில் ஓட்டு இருந்தும் ஒருவர் பெட்டியை ஏன் உடைக்க வேண்டும்? விடை வாக்காளர் பட்டியலில் இருக்கிறது. அந்தப் பட்டியலை வைத்து நடந்த சண்டை நாற்பது ஆண்டுகள் கழித்தும் ஓயவில்லை.

சொந்த மண்ணில் சிறுபான்மை

1853இல் பிரான்ஸ் இந்தத் தீவைக் கைப்பற்றியது. முதலில் கைதிகளைக் கொண்டுவந்து இறக்கியது. பிறகு குடியேறிகள் வந்தார்கள். நல்ல நிலமெல்லாம் அவர்களுக்குப் போக, கனாக் மக்கள் ஒதுக்கிடங்களுக்குள் தள்ளப்பட்டார்கள். 1946இல்தான் அவர்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது. எல்லோருக்கும் ஓட்டு வந்து சேர 1957 ஆகிவிட்டது.

வந்த ஓட்டுக்கும் அதிக நாள் மதிப்பு இருக்கவில்லை. அறுபதுகளின் கடைசியில் நிக்கல் விலை ஏறியது. பிரான்ஸிலிருந்தும் மற்ற பசிபிக் தீவுகளிலிருந்தும் ஆட்கள் வந்து குவிந்தார்கள். வெளியிலிருந்து வருபவர்கள் பெரும்பான்மை ஆனால்தான் பூர்வகுடிகளின் தேசியக் கோரிக்கையைத் தவிர்க்க முடியும் என்ற பொருளில் 1972இல் கடிதமே எழுதினார் அன்றைய பிரெஞ்சுப் பிரதமர் பியர் மெஸ்மெர். 2019 மக்கள்தொகைக் கணக்குப்படி கனாக் மக்கள் 41 சதவீதம், ஐரோப்பியர் 24 சதவீதம். மீதிப் பேர் வாலிஸ், ஃபுட்டுனா தீவினர், ஆசிய வம்சாவளியினர், கலப்பினத்தவர்.

1987இல் பிரான்ஸ் விடுதலை பற்றி ஒரு வாக்கெடுப்பை நடத்தியது. மூன்று ஆண்டுகள் தீவில் இருந்தவர்கள் எல்லோரும் ஓட்டுப் போடலாம் என்றது. விடுதலை இயக்கங்களின் கூட்டணியான எஃப்.எல்.என்.கே.எஸ். புறக்கணித்தது. பிரான்ஸுடன் இருக்க 98.3 சதவீத ஆதரவு என்று முடிவு வந்தது. அடுத்த ஆண்டே உவேயா தீவில் நான்கு போலீஸார் கொல்லப்பட்டார்கள். பலர் பிணைக்கைதிகளாகக் குகைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களை மீட்கப் படை நுழைந்தபோது 19 கனாக் போராளிகளும் 2 படைவீரர்களும் இறந்தார்கள். 98.3 சதவீதம் எதையும் தீர்த்திருக்கவில்லை.

யார் பெயர் பட்டியலில்?

அந்த ரத்தத்துக்குப் பிறகுதான் இரு தரப்பும் உட்கார்ந்து பேசின. 1988இல் கனாக் தலைவர் ழான்-மரி சிபாவுவும் பிரான்ஸ் ஆதரவுத் தலைவர் ழாக் லஃப்லரும் கைகுலுக்கினார்கள். விட்டுக்கொடுத்துவிட்டார் என்ற கோபத்தில் மறு ஆண்டே சிபாவுவைச் சுட்டுக் கொன்றவர் இன்னொரு கனாக்காரர். ஆனாலும் ஒப்பந்தம் நிலைத்தது. 1998இல் நூமேயா ஒப்பந்தமாக விரிந்தது: அதிகாரங்கள் படிப்படியாகத் தீவுக்கு மாறும், கடைசியில் மூன்று முறை வரை வாக்கெடுப்பு நடத்தலாம், அதற்குத் தனி வாக்காளர் பட்டியல். பொதுவாகச் சொன்னால், 1994 முடிவதற்குள் வந்து நிலைத்துவிட்டவர்களுக்கும் மண்ணோடு வேறு வகையில் பிணைப்பு உள்ளவர்களுக்கும் மட்டுமே அதில் இடம்.

இங்கேதான் கருத்துகள் பிரிகின்றன. ‘வேலை பார்க்கிறேன், வரி கட்டுகிறேன், பிள்ளைகள் இங்கேதான் படிக்கிறார்கள். எனக்கு ஓட்டு இல்லையென்றால் இது என்ன ஜனநாயகம்?’ என்பது பின்னால் வந்தவர்களின் கேள்வி. ‘எங்களைச் சிறுபான்மையாக்கவே ஆள் கொண்டுவந்தார்கள். அவர்களும் சேர்ந்து எங்கள் விடுதலையை முடிவு செய்வதா?’ என்பது கனாக் பதில். இரண்டிலும் நியாயம் உண்டு. பலருக்கு இது வியப்பளிக்கும்: சிபாவு காலத்திலேயே கனாக் இயக்கம், ஐரோப்பிய வம்சாவளியில் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களையும் தன் நாட்டின் பங்காளிகளாக ஏற்றுக்கொண்டது. சண்டை தோல் நிறத்தைப் பற்றியதாக மட்டும் இருந்திருந்தால் அந்த ஏற்பு நடந்திருக்காது.

கனாக் எல்லோரும் ‘ஆம்’ என்பார்கள், மற்றவர்கள் எல்லோரும் ‘இல்லை’ என்பார்கள் என்றும் நினைத்துவிட முடியாது. பிரான்ஸிலிருந்து ஆண்டுதோறும் வரும் பணம் நின்றால் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்ன வழி என்று தயங்கும் கனாக் குடும்பங்கள் இருக்கின்றன. தலைமுறைகளாக அங்கே வாழும் வெள்ளையர்களில் விடுதலையை ஆதரிப்பவர்களும் இருக்கிறார்கள்.

மூன்று ஓட்டு, இரண்டு முடிவு

2018 நவம்பரில் நூமேயா ஒப்பந்தப்படி முதல் வாக்கெடுப்பு. 81 சதவீதம் பேர் வந்தார்கள். விடுதலைக்கு 43.3 சதவீதம், வேண்டாம் என்று 56.7. 2020 அக்டோபரில் இரண்டாவது. 85 சதவீதத்துக்கு மேல் வந்தார்கள். இம்முறை விடுதலைக்கு 46.7 சதவீதம். இடைவெளி பத்தாயிரம் ஓட்டுக்கும் கொஞ்சம் கீழே. இரண்டிலும் தோற்ற விடுதலைத் தரப்பு முடிவை ஏற்றுக்கொண்டு அடுத்த வாக்கெடுப்புக்குத் தயாரானது.

மூன்றாவதைக் கேட்டதும் அவர்களேதான். ஆனால் 2021 டிசம்பர் 12 என்று தேதி குறித்தது பாரிஸ். செப்டம்பரில் கொரோனா தீவுக்குள் புகுந்தது. சில வாரங்களில் 250க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. இறந்தவர்களில் கனாக் மக்களே அதிகம். அவர்கள் வழக்கத்தில் துக்கம் நீண்டது. சடங்குகளுக்கு ஊர் கூட வேண்டும். துக்க வீட்டில் பிரசாரம் செய்ய முடியாது, ஒத்திவையுங்கள் என்று கேட்டார்கள். நோய் கட்டுக்குள் இருக்கிறது, தேதியை மாற்ற முடியாது என்றது அரசு. எஃப்.எல்.என்.கே.எஸ். மீண்டும் புறக்கணித்தது.

பிரான்ஸ் ஆதரவாளர்களின் வாதத்தையும் கேட்க வேண்டும். வாக்குச்சாவடி திறந்திருந்தது; யாரையும் யாரும் தடுக்கவில்லை; வராமல் இருப்பது அவரவர் முடிவு; தோல்வி தெரிந்தவன் களத்துக்கு வராமல் இருந்துவிட்டு ஆட்டம் செல்லாது என்று சொல்லக் கூடாது. சட்டப்படி இதில் பிழை இல்லை.

முடிவு: 96.5 சதவீதம் ‘இல்லை’. கேட்பதற்குப் பிரம்மாண்டமாக இருக்கிறது. ஓட்டு எண்ணிக்கையைப் பார்த்தால் கதை வேறு. 2020இல் ‘இல்லை’ என்றவர்கள் 81,503 பேர். 2021இல் 75,720 பேர். ஆதரவு ஏறத்தாழ ஆறாயிரம் குறைந்திருக்க, சதவீதம் 53இலிருந்து 96க்குப் பாய்ந்துவிட்டது. வந்து ஓட்டுப் போட்டவர்கள் 44 சதவீதம்கூட இல்லை. கனாக் மக்கள் நிறைந்த லாயல்ட்டி தீவுகளில் இருபதில் ஒருவர்கூட வரவில்லை.

எரிந்த தலைநகரம்

பாரிஸ் இதை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொண்டது. விடுதலை வாக்கெடுப்பு முடிந்துவிட்டது, இனி மாகாணத் தேர்தலுக்கென இருக்கும் வேறொரு பட்டியலைத் திறக்கலாம் என்று கிளம்பியது. 1998 நிலையில் உறைய வைத்த பட்டியல் அது. வெளியே நின்றவர்கள் ஆரம்பத்தில் பதின்மூன்றில் ஒருவர், 2023க்குள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். இந்த அளவுக்கு ஆட்களை ஒதுக்குவது தவறு என்ற வாதத்துக்கு வலு இருந்தது. ஆனால் பத்து ஆண்டு இருந்தவர்களைச் சேர்க்கும் திருத்தம் 2024 மே மாதம் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்கு வந்தபோது தலைநகர் நூமேயா தீப்பிடித்தது. பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கடைகளும் தொழிற்கூடங்களும் சாம்பலாயின. திருத்தத்தை அதிபர் மக்ரோன் நிறுத்தி வைத்தார். 2025 ஜூலையில் பாரிஸ் அருகே பூஜிவாலில் ஓர் உடன்பாடு கையெழுத்தானது. அடுத்த மாதமே எஃப்.எல்.என்.கே.எஸ். அதை நிராகரித்தது.

அதே 98.3, வேறு எடை

நியூ கலிடோனியா இருக்கும் அதே மெலனீசியப் பகுதியில் இன்னொரு தீவு, பூகன்வில். பப்புவா நியூ கினியிடமிருந்து விடுதலை கேட்டு பத்தாண்டு உள்நாட்டுப் போரைச் சந்தித்த இடம். 2001இல் சமாதான ஒப்பந்தம். யார் ஓட்டுப் போடலாம், என்ன கேள்வி, ஆயுதங்களை என்ன செய்வது என்று பேசித் தீர்த்த பிறகே 2019இல் வாக்கெடுப்பு நடந்தது. வெளியூரில் வாழும் பூகன்வில்காரர்களுக்கும் ஓட்டு உண்டு. 87 சதவீதம் பேர் வந்தார்கள், விடுதலைக்கு 98.3 சதவீதம். 1987 நியூ கலிடோனியாவின் அதே எண்! பூகன்வில் முடிவு யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது, பப்புவா நியூ கினி நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். அப்படியிருந்தும் மக்கள் என்ன விரும்புகிறார்கள் என்பதில் இன்று யாருக்கும் சந்தேகமில்லை.

விடுதலை வாக்கெடுப்பு சாதாரணத் தேர்தல் மாதிரி கிடையாது. தேர்தலில் தோற்றவருக்கு ஐந்தாண்டில் இன்னொரு வாய்ப்பு வரும். இங்கே தோற்பவர் தன் நாட்டையே இழந்ததாக நினைப்பார். ஆகவே அதன் பலத்தை வென்றவரின் சதவீதத்தை வைத்து அளக்க முடியாது. தோற்றவர் எழுந்து வந்து ‘ஆம், தோற்றேன்’ என்று சொல்கிறாரா என்று பார்க்க வேண்டும். நியூ கலிடோனியாவில் அதை இரண்டு முறை சொன்னார்கள். மூன்றாவது முறை சொல்ல வைக்கச் சில மாத ஒத்திவைப்பு போதுமாக இருந்திருக்கலாம். அந்த அவகாசத்தைக் கொடுக்காமல் கிடைத்த 96.5 சதவீதத்தை வைத்துக்கொண்டு பிரான்ஸ் இன்றும் பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருக்கிறது.