பிழைச் செய்தி கண்டு அஞ்சலாமா?

தோழியரே, கணிப்பொறித் திரையில் சன்னலும் பொத்தானும் அமைக்க உதவும் நிரல் தொகுப்பு க்யூட். 1995இல் நார்வேயிலிருந்து வெளிவந்த இது சி பிளஸ் பிளஸ் மொழியில் அமைந்தது. இதில் நிரல் எழுதப் பழகுவோர் பலர், நீண்ட பிழைப் பட்டியலைக் கண்டதும் மனம் தளர்கின்றனர்.

முதலில், பிழையைச் சொல்வது யார் என்று பார்க்க வேண்டும். நிரலை எந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் சொன்னால், முதற்பிழையை மட்டும் திருத்துக. ஓர் அரைப்புள்ளி விடுபட்டாலே பல பிழைகள் தோன்றும். அதை இட்டதும் மற்றவை மறையும்.

மாற்றிய பகுதிகளை ஒன்றாக இணைக்கும் லிங்கர், 'விடேபிள் இல்லை' என்று சொன்னால், நம் வரிகளில் பிழையே இல்லாமலும் இருக்கலாம். 'க்யூ ஆப்ஜெக்ட்' என்று குறித்த பகுதிக்கு 'மாக்' என்னும் துணைக்கருவி கூடுதல் நிரல் எழுதித் தர வேண்டும். அது எழுதாமற்போவதே பெரும்பாலும் காரணம். 'க்யூமேக்' கட்டளையை மீண்டும் இயக்கிவிட்டுப் புதிதாகத் தொகுத்தால் குறை தீரும்.

பிழைச் செய்தி நம்மை ஏளனம் செய்வதன்று. வழி சொல்லும் கைகாட்டியே. பொறுமையுடன் படிப்போம், வெற்றி பெறுவோம்!