விமானி கனவுக்கு வீட்டிலிருந்தே முக்கோணவியல்

புது தில்லி: பிளஸ் 2 வகுப்பில் வணிகவியலோ வரலாறோ படித்துத் தேறிய இளைஞருக்கு விமானியாகும் ஆசை பிறந்தால், அவர் முதலில் நாட நேர்ந்தது விமானப் பயிற்சிப் பள்ளியை அல்ல, தில்லியை ஒட்டிய நொய்டாவில் தலைமையகம் கொண்ட தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தை.

வர்த்தக விமானி உரிமத்துக்குப் பிளஸ் 2 அளவில் கணிதமும் இயற்பியலும் தேறியிருக்க வேண்டும் என்ற விதி 1990-களின் நடுப்பகுதியில் வந்தது. அதற்கு முன்பு பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதுமானதாக இருந்தது. பத்தாம் வகுப்போடு கணிதத்தைக் கைவிட்டவர்கள், விட்ட இடத்திலிருந்து தொடரத் தொலைநிலைக் கல்வியையே பெரிதும் நம்பினர். வேறு வாரியத்தில் தேறியவர்களும் விடுபட்ட பாடத்தை மட்டும் இங்கு எழுதலாம் என்பது இதன் தனிச் சிறப்பு.

1979-இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் ஒரு திட்டமாகத் தொடங்கிய திறந்தநிலைப் பள்ளி, 1989-இல் தனி நிறுவனமாகி, 2002-இல் இப்போதைய பெயரைப் பெற்றது. ஆண்டுக்கு இரு பொதுத் தேர்வுகள். முழுப் படிப்பில் சேருவோருக்கு ஐந்தாண்டுகளில் ஒன்பது வாய்ப்புகள். தேர்ச்சிக்கு 33 விழுக்காடு. தாராளமான ஏற்பாடுதான்.

நிறுவனத்தின் மேல்நிலைக் கணிதப் பாடத்தில் நுண்கணிதமும் உண்டு. ஆனால், அதற்கு முன்வரும் பகுதிகளே மாணவரைச் சோதிக்கின்றன. கணங்கள், சார்புகள், முக்கோணவியல், முக்கோணத்தின் பக்கங்களுக்கும் கோணங்களுக்கும் உள்ள தொடர்பு என அடுக்கடுக்காக வரும் இவற்றுள் ஒன்று பிடிபடாவிட்டால் அடுத்தது விளங்காது.

விமானிக்கு அன்றாடம் கைகொடுப்பதும் இந்தப் பகுதிதான். மணிக்கு 100 கடல்மைல் வேகத்தில் பறக்கும் சிறு விமானத்தைக் குறுக்கே 20 கடல்மைல் வேகக் காற்று தள்ளுகிறது என்றால், பாதை மாறாதிருக்க விமானத்தின் மூக்கைக் காற்று வரும் பக்கமாக ஏறத்தாழ 11.5 பாகை திருப்ப வேண்டும். சைன் மதிப்பு 0.2 ஆக உள்ள கோணம் அது. தில்லியிலிருந்து மும்பைக்கு வான்வழித் தொலைவு சுமார் 1,140 கி.மீ. புறப்படும்போது ஒரு பாகை பிசகி, அதைத் திருத்தாமலே பறந்தால், முடிவில் விமானம் 20 கி.மீ. விலகி நிற்கும்.

இத்தகைய கணக்கைத் தனியே அமர்ந்து கற்பது எளிதன்று. பள்ளியில் ஆசிரியர் கரும்பலகையில் ஒருமுறை போட்டுக் காட்டினால் தெளிந்துவிடும் ஐயம், தொலைநிலை மாணவரை வாரக்கணக்கில் நிறுத்தி வைக்கும். இதற்கெனப் படிப்பு மையங்களில் நேரடித் தொடர்பு வகுப்புகள் உண்டு. ஆயினும், பணிக்குச் சென்றுகொண்டே படிப்பவருக்கும் மையத்திலிருந்து தொலைவில் வசிப்பவருக்கும் அவை எட்டுவதில்லை. தேர்வு வாய்ப்புகளைப் பெருக்கிய அளவுக்கு ஆசிரியரை அருகில் கொண்டுவருவதில் அக்கறை காட்டப்படவில்லை என்றே சொல்ல வேண்டும்.

இதன் விலை பிற்பாடுதான் தெரிகிறது. சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் நடத்தும் உரிமத் தேர்வில் விமான வழிச்செலுத்தல் ஒரு தாள். அதில் தேற 70 விழுக்காடு வேண்டும். பள்ளிக் கணிதத்தில் 33-ஐ எப்படியோ தொட்டவர் இங்கே தடுமாறுகிறார். தில்லி துவாரகா பகுதியில் விமானிப் பயிற்சி வகுப்புகள் பெருகியிருப்பது வியப்பல்ல. வசதியுள்ளவர் அங்கே கட்டணம் செலுத்தி மீண்டும் படிக்கிறார். மற்றவரோ, பறக்கும் பயிற்சிக்கே பல லட்சம் ரூபாய் கடன் வாங்க வேண்டிய நிலையில் இருப்பவர்.

கணிதம், இயற்பியல் விதியைத் தளர்த்தி எல்லாப் பிரிவினரையும் அனுமதிப்பது குறித்து 2025-இல் பேச்சு எழுந்தது. பிளஸ் 2 தகுதியைப் பற்றியதே அந்தப் பேச்சு. வழிச்செலுத்தல் தாளை நீக்குவது பற்றியதல்ல.