சார்ஜர் முனையில் ஒரு வாட் வெப்பம்

"சார்ஜ் ஏறுதுண்ணா. ஆனா ஒயரை இப்படி லேசா வளைச்சுப் பிடிச்சாத்தான் ஏறுது."

லேப்டாப் பழுது பார்க்கும் கடைகளில் அடிக்கடி காதில் விழும் புகார் இது. திருவண்ணாமலை அரசு கலைக் கல்லூரியில் படிக்கும் மாணவியானாலும், கிரிவலப் பாதையோரம் வீடெடுத்துத் தங்கி வெளியூர் நிறுவனத்துக்கு வேலை பார்ப்பவரானாலும் சொல்வது இதைத்தான். ஒயருக்கு அடியில் புத்தகத்தை முட்டுக்கொடுத்து, டேப் ஒட்டி, மாதக்கணக்கில் ஓட்டிவிட்டு, அடியோடு நின்ற பிறகே கடைப்படி ஏறுகிறார்கள். அதற்குள் உள்ளே இருக்கும் பாகமும் கருகியிருக்கும், வாரண்டியும் முடிகிற தறுவாயில் இருக்கும்.

ஒயரை வளைத்துப் பிடிக்க வேண்டி வந்த முதல் நாளிலேயே புகாரைப் பதிந்துவிட வேண்டும். அந்த அவசரத்துக்கான காரணம் இயற்பியலில் இருக்கிறது.

தொடுகிற இடம் எவ்வளவு?

சார்ஜர் முனையைச் செருகியதும் இரண்டு உலோகங்களும் முழுக்க ஒட்டிக்கொள்கின்றன என்றுதான் நினைப்போம். நுண்ணோக்கியில் பார்த்தால் எந்த உலோகப் பரப்பும் மேடு பள்ளம்தான். மேடும் மேடும் முட்டுகிற சில புள்ளிகளில் மட்டுமே உண்மையான தொடுகை நடக்கிறது. மின்தொடுகை பற்றிய ஆய்வுக்கே அடித்தளம் போட்ட ஸ்வீடன் நாட்டு இயற்பியலாளர் ராக்னர் ஹோம் இதை விரிவாக விளக்கினார். பௌர்ணமி இரவில் மாட வீதி நிறைய வரும் கூட்டம் கோபுர வாசலில் நெருக்கியடித்து நுழைவதுபோல, மின்னோட்டம் முழுவதும் அந்தப் புள்ளிகள் வழியாகவே நெருக்கிக்கொண்டு போகிறது. அந்த நெருக்கடிக்குப் பெயர்தான் தொடுகை மின்தடை.

மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் கிடைப்பது வெப்பம் என்று 1840-களில் ஜேம்ஸ் ஜூல் கண்டறிந்தார். 65 வாட் சார்ஜர் 20 வோல்ட்டில் 3.25 ஆம்பியர் தரும். தொடுகை நன்றாக இருந்தால் மின்தடை ஓமில் நூற்றில் சில பங்குதான். அது உண்டாக்கும் சூடு விரலுக்குத் தெரியாது. பின் லூசாகி மின்தடை 0.1 ஓமுக்கு ஏறினால், வெப்பம் ஒரு வாட்டைத் தாண்டிவிடும். 0.3 ஓம் என்றால் மூன்று வாட்டுக்கு மேல். ஒரு சிறிய எல்இடி இரவு விளக்கு எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தைவிட அதிகமான அளவு, அரிசி மணி அளவுகூட இல்லாத இடத்தில் சூடாக மாறுகிறது.

பிறகு சேதம் தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது. சூட்டில் தொடுகை முனையின் ஸ்பிரிங் விறைப்புத் தளர்கிறது. அழுத்தம் குறைய, தொடும் புள்ளிகள் குறைகின்றன. மின்தடை ஏறி, சூடு இன்னும் கூடுகிறது. ஒயரை ஆட்டும்போது ஏற்படும் நுண்ணிய உராய்வு மேற்பூச்சைத் தேய்த்துவிடும். அடியிலிருக்கும் உலோகம் காற்றில் ஆக்சைடாகி மின்சாரத்தை மேலும் தடுக்கும். தொடுகை விட்டுவிட்டு வரும்போது பறக்கும் சிறு பொறி கரியையும் குழியையும் விட்டுச்செல்லும். ஆக, ஆட்டி ஆட்டிச் சார்ஜ் ஏற்றுகிற ஒவ்வொரு நாளும் போர்ட் இன்னும் கொஞ்சம் கெடுகிறது.

வட்டப் பின்னும் டைப்-சியும்

2011-இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி, எல்காட் நிறுவனம் வழியே கொள்முதல் செய்தது. செங்கம், போளூர் பக்கத்துக் கிராமங்களில் பல வீடுகளுக்கு முதல் கணினி வந்தது அப்படித்தான். அந்தக் காலத்து லேப்டாப்களில் இருந்தது வட்டப் பின். கடைக்காரர்கள் டிசி ஜாக் என்பார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பின் ஒரு நெம்புகோலாகிவிடுகிறது. மடியில் வைத்து வேலை செய்யும்போது ஒயர் இழுபட்டால், அந்த விசை முழுவதும் ஜாக்கை மதர்போர்டில் பிடித்திருக்கும் ஈயப் பற்றவைப்பில் இறங்கும். நாளடைவில் அதில் வட்டமாக ஒரு விரிசல் விழும். வெளியே பார்த்தால் ஜாக் புதிது போலவே இருக்கும். உள்ளே கால் ஆடிக்கொண்டிருக்கும்.

டைப்-சி வேறு ரகம். எட்டு மில்லிமீட்டர் சொச்சம் அகலமுள்ள துளைக்குள் 24 தொடுகைகள். நான்கு மின்சாரத்துக்கு, நான்கு எர்த்துக்கு. மற்றவற்றில் சிசி எனப்படும் இரண்டு, பேச்சுவார்த்தைக்கு. முதலில் 5 வோல்ட்தான் வரும். லேப்டாப்பும் சார்ஜரும் சிசி கம்பி வழியே பேசி முடித்த பிறகே 9, 15, 20 என்று மின்னழுத்தம் ஏறும். சிசி தொடுகையில் அழுக்கு படிந்தால் பேச்சு முறியும். சார்ஜர் நன்றாக இருக்கும், மின்சாரமும் தயாராக இருக்கும், ஆனால் சார்ஜ் ஏறாது.

இதில் ஆபத்தும் உண்டு. 20 வோல்ட் பாயும் தொடுகைக்கும் சிசி தொடுகைக்கும் நடுவே உள்ள தூரம் அரை மில்லிமீட்டர். வியர்வைத் துளியோ உலோகத் துணுக்கோ இரண்டையும் இணைத்துவிட்டால், 5 வோல்ட்டுக்கென்று வடிவமைத்த கட்டுப்பாட்டுச் சில்லில் 20 வோல்ட் பாய்ந்து அது கருகிவிடக்கூடும். குண்டூசியால் போர்ட்டைக் குடையக் கூடாது என்பது இதனால்தான்.

டைப்-சி போர்ட் 10,000 முறை செருகி எடுத்தாலும் தாங்கும் என்பது விதிமுறைக் கணக்கு. தினம் இரண்டு முறை என்றாலும் 13 ஆண்டுக்கு மேல் வரும். ஆனால் இது நேராகச் செருகி நேராக எடுப்பதற்கான கணக்கு. பக்கவாட்டில் விழும் இழுவை இதில் சேராது.

முதலில் இதைப் பாருங்கள்

சார்ஜ் ஏறவில்லை என்றால் உடனே போர்ட்டைக் குறை சொல்ல வேண்டாம். வேறு பிளக் பாயின்ட், வேறு சார்ஜர், வேறு கேபிள், இரண்டாவது டைப்-சி துளை இருந்தால் அது என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியர், அதாவது 60 வாட் வரைதான் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமானால் 5 ஆம்பியர் கேபிள் தேவை. பேட்டரி 80 சதவீதத்தில் நிற்கிறதென்றால் ஆயுளைக் காக்கும் அமைப்பு இயங்கிக்கொண்டிருக்கலாம், அது பழுதல்ல.

மென்பொருள் கோளாறும் போர்ட் பழுதுபோலவே வேடம் போடும். 2017 முதல் 2019 வரை வந்த சில திங்க்பேட் மாடல்களில் டைப்-சி போர்ட் சரியாக இயங்காமல் போனதற்குத் தண்டர்போல்ட் ஃபர்ம்வேர் காரணம் என்று லெனோவா அறிவித்து, அவசியமான அப்டேட் என்று வெளியிட்டது.

அடுத்து, லேப்டாப்பை அணைத்துச் சார்ஜரைக் கழற்றிவிட்டு, டார்ச் அடித்துத் துளைக்குள் பாருங்கள். பையில் கிடக்கும் நூல் பிசிறும் தூசும் திருநீற்றுத் தூளும் செருகச் செருக அடியில் போய் அமுங்கி, கெட்டிதட்டிப்போயிருக்கும். முனை முழுதாக உள்ளே போகாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். மரப் பல்குச்சியால் மெதுவாகக் கிளறி எடுத்தால் போதும். கருப்போ பச்சையோ படிந்திருந்தால், முனை தொட முடியாதபடி சுட்டால், பிளாஸ்டிக் வாடை அடித்தால் அத்தோடு நிறுத்திவிடுங்கள்.

வாரண்டி எங்கே மறுக்கப்படும்?

உற்பத்திக் குறைக்கு வாரண்டி உண்டு, கைதவறிச் செய்த சேதத்துக்குக் கிடையாது. சார்ஜிங் போர்ட் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. வளைந்த பின், உருகிய பிளாஸ்டிக், நீர்க்கறை ஆகியவற்றைக் கண்டால் 'ஃபிசிக்கல் டேமேஜ்' என்று எழுதிவிடுவார்கள். முதல் வாரத்தில் லேசான தளர்வாக இருந்ததை மூன்று மாதம் ஆட்டி ஓட்டினால், உற்பத்திக் குறைக்கான தடயமே சூட்டில் அழிந்து, சேதம் மட்டும் மிஞ்சும். தாமதம் உங்கள் தரப்பு வாதத்தைத்தான் பலவீனமாக்கும்.

எனவே கோளாறு தெரிந்த அன்றே வீடியோ எடுங்கள். போர்ட்டின் உட்புறத்தைப் படம் பிடியுங்கள். உங்கள் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் வேலூரிலோ சென்னையிலோ இருந்து உடனே போக முடியாவிட்டாலும், போனிலோ மின்னஞ்சலிலோ புகாரைப் பதிந்து எண்ணை வாங்கி வையுங்கள். வீட்டுக்கே வந்து பார்க்கும் வாரண்டியா, நாமே கொண்டுபோக வேண்டியதா என்பதை வாரண்டி அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒப்படைக்கும்போது தரும் ஜாப் ஷீட்டில், 'வெளிச் சேதம் இல்லை' என்பதை எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வாரண்டி இருக்கும்வரை வெளிக்கடையில் திறக்க விடாதீர்கள்.

போர்ட் மதர்போர்டோடு சேர்ந்த மாடல் என்றால் சர்வீஸ் சென்டரில் போர்டையே மாற்றுவது வழக்கம். அப்போது வேறொரு சிக்கல் வரும். பல விண்டோஸ் லேப்டாப்களில், கோப்புகளைக் காக்கும் பிட்லாக்கர் எனும் பூட்டின் சாவி மதர்போர்டில் உள்ள பாதுகாப்புச் சில்லோடு பிணைந்திருக்கும். போர்டு மாறினால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது இல்லாமல் பூட்டிய கோப்புகளைத் திறக்க முடியாது. கொடுப்பதற்கு முன் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, கோப்புகளையும் வேறிடத்தில் நகலெடுத்துவிடுங்கள்.

வாரண்டி முடிந்துவிட்டால் உள்ளூர் டெக்னீசியனே சிக்கனம். டிசி ஜாக்கை மட்டும் கழற்றிப் புதிது வைக்கலாம். உதிரிபாகத்துக்குச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கிறது. ஆனால் கைவேலை சுத்தமாக இருக்க வேண்டும். பழைய ஈயக் கலவை 183 டிகிரி செல்சியசில் உருகும். இன்றைய ஈயமில்லாக் கலவைக்கு 217 டிகிரியாவது வேண்டும். ஜாக்கின் எர்த் கால் அகலமான செம்புப் படலத்தோடு சேர்ந்திருப்பதால் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். வலுவில்லாத அயர்னால் இழுத்தால் போர்டிலிருந்து செம்பே பெயர்ந்து வந்துவிடும்.

மறுத்துவிட்டால்?

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முதலில் புகார் செய்யலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, நடைமுறைக்கு வந்தது 2020 ஜூலையில். இதன்படி, நுகர்வோர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். நிறுவனத்தின் அலுவலகம் பெங்களூரில் இருந்தாலும், நீங்கள் திருவண்ணாமலை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை நாடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. வழக்குக்கான காரணம் எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். குறை எதனால் வந்தது என்பதில் தகராறு என்றால், பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. முதல் நாள் வீடியோவும் புகார் எண்ணும் அங்கே பேசும்.

வாங்கும்போதே கேளுங்கள்

ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பரில் போன்களுக்கும், 2026 ஏப்ரல் முதல் லேப்டாப்களுக்கும் டைப்-சியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இந்தியத் தர அமைவனமும் 2023-இல் டைப்-சிக்கான தர விதியை வெளியிட்டது. சார்ஜர் குழப்பம் இதனால் குறையும். ஆனால் தேய்ந்துபோகும் பாகத்தை, தேயவே தேயாத பாகத்தோடு சேர்த்துப் பற்றவைக்கிற வழக்கம் அப்படியே இருக்கிறது. போர்ட்டைத் தனிச் சிறு போர்டிலோ ஒயரோடோ வைத்தால் அதை மட்டும் மாற்றிவிடலாம். அமெரிக்காவின் ஃப்ரேம்வொர்க் நிறுவனம் 2021-இல் வெளியிட்ட லேப்டாப்பில், பயனரே கழற்றி மாட்டும் சிறு அட்டைகளாகப் போர்ட்களை வைத்துக் காட்டியது. இந்திய நுகர்வோர் விவகாரத் துறையும் 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழு அமைத்தது.

சட்டம் வரும்போது வரட்டும். டெல், எச்பி, லெனோவா போன்ற நிறுவனங்கள் பல மாடல்களுக்கு சர்வீஸ் கையேட்டை இணையத்திலேயே வைத்திருக்கின்றன. அதில் சார்ஜிங் போர்ட்டுக்குத் தனி உதிரிபாகப் பட்டியல் இருக்கிறதா என்று பத்து நிமிடம் செலவழித்துப் பார்க்கலாம். ராம் எவ்வளவு, திரை எத்தனை அங்குலம் என்று கேட்கிற அதே வாயால் இதையும் கடையில் கேளுங்கள். பதில் 'மதர்போர்டோட சேர்ந்தது சார்' என்றால், கூடுதல் வாரண்டிக்கும் எதிர்பாராச் சேதக் காப்புக்கும் ஆகும் செலவையும் விலையோடு கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.