பீட்டரும் முயலும்

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்பது பழமொழி. ஒரு முறை அரண்டுபோன மனம் மற்றவற்றைக் கண்டும் அஞ்சுமா? இதனை ஒரு குழந்தையிடமே சோதித்துப் பார்த்தார்கள் என்றால் நம்புவீர்களா?

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் வாட்சன், ரோசலி ரேனர் என்ற இருவர் 1920-இல் இச்சோதனையை வெளியிட்டனர். ஆல்பர்ட் என்று அவர்கள் பெயரிட்ட பதினொரு மாதக் குழந்தையிடம் ஒரு வெள்ளை எலியைக் காட்டினர். குழந்தை அஞ்சாமல் கை நீட்டியது. அந்நேரம் பார்த்து, அதன் தலைக்குப் பின்னால் ஓர் இரும்புத் தண்டைச் சுத்தியலால் ஓங்கி அடித்தனர். குழந்தை திடுக்கிட்டது. இவ்வாறு ஏழு முறை செய்தபின், ஓசை இல்லாமலேயே, எலியைக் கண்டதும் குழந்தை அழுதுகொண்டே தவழ்ந்து விலகியது. முயலையும் நாயையும் கண்டுகூட அஞ்சியது!

அச்சத்தைக் கற்றுக்கொடுத்தவர்கள் அதைப் போக்கவில்லை. அதற்குள் குழந்தை அங்கிருந்து சென்றுவிட்டது. இன்று இத்தகைய சோதனைக்கு எவரும் அனுமதி தரமாட்டார்கள்.

எது வெருட்சி?

எல்லா அச்சமும் கோளாறு அன்று. பாம்பைக் கண்டு ஒதுங்குவது அறிவுடைமை. பாம்பின் படத்தைக் கண்டே உடல் நடுங்கினால்? ஆபத்துக்குப் பொருந்தாத அளவில் எழுந்து, நீண்ட நாள் நீடித்து, அன்றாட வாழ்வைக் கெடுக்கும் அச்சத்தையே 'ஃபோபியா' என்கிறோம். தமிழில் வெருட்சி எனலாம். அப்போது மூளையிலுள்ள அமிக்டலா என்னும், பாதாம் பருப்பு வடிவப் பகுதி அபாய மணி அடிக்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது.

நாய் கடித்ததால் நாயிடம் அச்சம் வரலாம். பிறர் அஞ்சுவதைப் பார்த்தும் வரலாம். 1980-களில் சூசன் மினெகா என்ற உளவியலாரும் அவருடைய குழுவினரும் ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த குரங்குகளைச் சோதித்தனர். அவற்றுக்குப் பாம்பிடம் அச்சமில்லை. காட்டில் வளர்ந்த குரங்குகள் பாம்பைக் கண்டு அலறுவதைப் பார்த்ததும் அவையும் அஞ்சத் தொடங்கின!

ஓட ஓட வளரும்

நாய்க்கு அஞ்சும் ஒரு மாணவன் வேறு தெருவில் சுற்றிக்கொண்டு பள்ளிக்குப் போகிறான். உடனே மனத்துக்கு நிம்மதி கிடைக்கிறது. "சுற்றி வந்ததால்தான் தப்பினேன்" என்று மூளை பாடம் படித்துக்கொள்கிறது. "எல்லா நாயும் கடிக்காது" என்பதை அறியும் வாய்ப்பு அதற்குக் கிடைப்பதே இல்லை. வெருட்சிக்கு உரம் போடுவது இந்த விலகி ஓடுதல்தான்.

படிப்படியாக நெருங்கு

இதற்கு வழி காட்டியவர் மேரி கவர் ஜோன்ஸ் என்ற பெண்மணி. 1924-இல் அவர் வெளியிட்ட ஆய்வின் நாயகன் பீட்டர் என்னும் சிறுவன். ஆய்வு தொடங்கியபோது அவனுக்கு வயது இரண்டு ஆண்டு பத்து மாதம். முயல், மயிர்த் தோல் அங்கி, பஞ்சு எல்லாவற்றுக்கும் அஞ்சினான்.

அவன் விரும்பிய உணவை உண்ணும்போது, கூண்டில் அடைத்த முயலைத் தொலைவில் வைத்தார். பன்னிரண்டு அடியில் இருந்ததை, அவன் பொறுத்துக்கொண்ட அளவுக்கே மெல்ல மெல்ல அருகில் நகர்த்தினார். அஞ்சாத பிற குழந்தைகள் முயலுடன் விளையாடுவதையும் காணச் செய்தார். இடையில் ஒரு பெரிய நாய் பாய்ந்து வந்ததால் பீட்டரின் அச்சம் மீண்டும் தலைதூக்கியது. ஜோன்ஸ் மனம் தளரவில்லை. இறுதியில் பீட்டர் முயலை மடியில் வைத்துக் கொஞ்சினான். தன் விரலை அது கொறிக்கவும் விட்டான்!

இன்றைய சிகிச்சையின் அடிப்படையும் இதுவே. படம், பிறகு தொலைவில், பிறகு அருகில் எனப் படிகள் அமைத்து, ஒவ்வொரு படியிலும் ஓடாமல் நின்று பழகுகிறார்கள். பழைய அச்சம் அடியோடு அழிவதில்லை. "ஒன்றும் ஆகாது" என்ற புதிய பாடம் அதை அடக்கி வைக்கிறது. அதனால் அச்சம் எப்போதாவது திரும்பினாலும் தோல்வி என்று எண்ண வேண்டாம். மீண்டும் பழகினால் போதும்.

மாணவ நண்பர்களே! கரப்பான்பூச்சிக்கு அஞ்சும் தோழன்மீது அதைத் தூக்கிப் போட்டுச் சிரிக்காதீர்கள். அது சுத்தியல் அடித்தவர்களின் வேலை. அவன் ஓர் அடி எடுத்து வைக்கும்போது உடன் நில்லுங்கள். அச்சம் மிகக் கடுமையானால் பெரியோரிடம் சொல்லி, மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லச் சொல்லுங்கள். கற்ற அச்சத்தை வெல்லவும் கற்கலாம் அல்லவா?