1982-க்கு முன் பிறந்தவரா? உங்கள் பிறந்த நேரத்தைச் செயலி சரியாகக் கணக்கிடுகிறதா?

கெலுகோரில் 1975ஆம் ஆண்டு ஒரு குழந்தை காலை மணி 6.10க்குப் பிறந்தது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தேதியையும் நேரத்தையும் கைப்பேசியில் உள்ள ஜாதகச் செயலியில் பதிவு செய்கிறோம். செயலி ‘மலேசியா’ என்றதும் கிரீன்விச் நேரத்தைவிட 8 மணி நேரம் கூடுதல் என்று எடுத்துக்கொண்டால், அந்த ஜாதகம் தவறு. 1975இல் பினாங்கின் கடிகாரம் கிரீன்விச்சைவிட ஏழரை மணி நேரம்தான் முன்னால் இருந்தது.

அரை மணி நேரம்தானே என்று விட்டுவிட முடியாது. ஒரு லக்னம் சராசரியாக இரண்டு மணி நேரம் நீடிக்கும். ஆகவே ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு லக்னமே மாறிவிடும். நவாம்சத்தில் ஒரு பகுதி சுமார் 13 நிமிடம் மட்டுமே என்பதால், நவாம்ச லக்னம் எல்லோருக்கும் மாறும். ஜாதகத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் பொருத்தம் பார்த்து ஒரு வரனை வேண்டாம் என்று சொல்லும் குடும்பம், கணக்காவது சரியா என்று கேட்க வேண்டாமா?

நம் கடிகாரம் பலமுறை மாறியிருக்கிறது. 1905 முதல் மலாயாவில் 7 மணி நேர வேறுபாடு இருந்தது. மாலை வெளிச்சத்தைக் கூடுதலாகப் பயன்படுத்த 1933 ஜனவரி 1 முதல் 20 நிமிடம் கூட்டினார்கள். மேல்நாடுகளில் இன்றும் உள்ள ‘பகல் ஒளி சேமிப்பு நேரம்’ என்ற அதே பெயரில்தான் அது வந்தது. அங்கே கோடை முடிந்ததும் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளுவார்கள். இங்கே ஆண்டு முழுவதும் அப்படியே நீடித்தது. 1941 செப்டம்பரில் அது ஏழரை மணி நேரமானது. ஜப்பானியர் ஆட்சியில் டோக்கியோ நேரப்படி 9 மணி நேரம்; 1945இல் மீண்டும் ஏழரை.

கடைசி மாற்றம் 1981 டிசம்பர் 31 இரவு நடந்தது. சபா, சரவாக் நேரத்தோடு தீபகற்பத்தை ஒன்றாக்க, இரவு 11.30 ஆனதும் கடிகாரத்தை 12 ஆக்கினார்கள். அன்றிரவு 11.45 என்ற நேரமே பினாங்கில் வரவில்லை!

இதே குழப்பம் ஆஸ்திரேலியாவில் ஆண்டுக்கு இருமுறை வருகிறது. மெல்பர்னில் அக்டோபர் முதல் ஞாயிறு அதிகாலை 2 மணி நேராக 3 ஆகிவிடும், 2.30 என்ற நேரமே இருக்காது. ஏப்ரல் முதல் ஞாயிறு 3 மணி மீண்டும் 2 ஆகும், 2.30 இருமுறை வரும். நமக்கும் மெல்பர்னுக்கும் உள்ள வேறுபாடு ஏப்ரலுக்குப் பின் 2 மணி நேரம், அக்டோபருக்குப் பின் 3 மணி நேரம். அங்கே படிக்கும் பிள்ளையோடு மாலை 7 மணிக்குப் பேசிப் பழகிய பெற்றோருக்கு, அக்டோபரில் அங்கே மணி 9 அல்ல, 10.

மென்பொருள் எழுதும் நம் இளைஞர்கள் நினைவில் கொள்ள வேண்டியவை இவை:

முதலாவது, ‘+8’ என்ற எண்ணைச் சேமிக்காதீர்கள், ஊரைச் சேமியுங்கள். ‘ஏசியா/கோலாலம்பூர்’ என்று குறித்தால், எந்தத் தேதியில் எத்தனை மணி வேறுபாடு என்பதை உலகப் பொது நேர மண்டலத் தரவுத்தளம் சொல்லிவிடும். 1933, 1982 மாற்றங்களும் அதில் உள்ளன. நாட்டின் பெயர் மட்டும் போதாது. 1981இல் கூச்சிங்கின் நேரம் வேறு, பினாங்கின் நேரம் வேறு.

இரண்டாவது, பணம் செலுத்தியது போன்ற நடந்து முடிந்தவற்றை உலகப் பொது நேரத்தில் பதியுங்கள். இனி நடக்கவிருப்பதை உள்ளூர் நேரத்தோடும் ஊர்ப் பெயரோடும் வையுங்கள். அரசாங்கங்கள் விதியை மாற்றக்கூடும். இலங்கை 1996இல் இருமுறை கடிகாரத்தை மாற்றி, 2006இல் பழைய நேரத்துக்கே திரும்பியது.

மூன்றாவது, ‘நாளை இதே நேரம்’ என்பதற்கு 24 மணி நேரத்தைக் கூட்டாதீர்கள். கடிகாரம் மாறும் நாளில் 23 அல்லது 25 மணி நேரம் இருக்கும்.

நான்காவது, இல்லாத நேரத்தையோ இருமுறை வரும் நேரத்தையோ ஒருவர் பதிவு செய்தால், செயலி தானாக முடிவெடுக்காமல் அவரிடமே கேட்கட்டும்.

வீட்டில் இருப்பவர்கள் செயலியைச் சோதிப்பது எளிது. பினாங்கைத் தேர்ந்தெடுத்து, 1981 டிசம்பர் 31 காலை 10 மணி என்றும், பிறகு 1982 ஜனவரி 1 காலை 10 மணி என்றும் கொடுத்துப் பாருங்கள். முதலாவதற்கு 7.30 என்றும் (சில செயலிகளில் 7.5), அடுத்ததற்கு 8 என்றும் காட்ட வேண்டும். இரண்டுக்கும் 8 என்றால், நேர வேறுபாட்டை நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். அதற்கு வழியில்லையென்றால், பெரியவர்களின் ஜாதகத்துக்கு அந்தச் செயலி வேண்டாம்.