ட்ரீம் தியேட்டரும் நானும்

அறுபத்தாறு வயதில் ஒருவன் அமெரிக்க மெட்டல் இசைக் குழுவுக்கு ரசிகனாகிவிட்டான் என்றால் சங்கத்து நண்பர்கள் சிரிப்பார்கள். சிரித்தாயிற்று. இருந்தாலும் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பத்தாம் வகுப்புப் படிக்கும் என் பெண் வயிற்றுப் பேரன் எங்களோடு நாக்பூரில் இருக்கிறான். பள்ளியில் ஆங்கிலம், தெருவில் இந்தி. நான் தமிழில் கேட்டால் பதில் இந்தியில்தான் வரும். அவன் அறையிலிருந்து வரும் சத்தம் முதலில் கர்டர் பாலத்தில் கூட்ஸ் வண்டி போவது போலிருந்தது. ஆனால் 37 வருஷம் ரயில்பாதைப் பிரிவில் இருந்தவனின் காது சும்மா இருக்குமா? 13 மீட்டர் தண்டவாளங்களை இணைத்துப் போட்ட பாதையில், 47 விநாடிக்குள் எத்தனை 'தடக்' கேட்கிறதோ அத்தனை கிலோமீட்டர் வண்டியின் மணி வேகம். நீளமாகப் பற்றவைத்த தண்டவாளங்கள் வந்த பிறகு அந்தக் கணக்குக்கு வேலையில்லை. எண்ணுகிற பழக்கம் மட்டும் என்னோடு தங்கிவிட்டது.

ஒரு மாலை கூடத்தில் உட்கார்ந்தபடியே எண்ணினேன். நாலு நாலாக வரவில்லை. ஏழு வந்தது. அட, மிச்ர சாபு! தொடையில் தட்டிப் பிடிப்பதற்குள் ஐந்தாகிவிட்டது. எழுந்து போய், "இது யாருடா?" என்றேன். 'தி டான்ஸ் ஆஃப் எடர்னிடி' என்ற அந்த உருப்படியில் பாட்டே கிடையாது. ஆறு நிமிஷத்துக்குள் நூறு தடவைக்கு மேல் தாளக் கணக்கு மாறுகிறது.

1985-ல் பாஸ்டனில் பெர்க்லீ இசைக் கல்லூரி மாணவர்கள் மூவர் தொடங்கிய குழு இது: கிடார் ஜான் பெட்ரூச்சி, பேஸ் கிடார் ஜான் மயங், டிரம்ஸ் மைக் போர்ட்னாய். முதலில் 'மெஜஸ்டி' என்று பெயர். அது வேறொரு குழுவுக்கும் இருந்ததால், கலிபோர்னியாவில் மாண்டரே ஊரின் பழைய சினிமாக் கொட்டகை ஒன்றின் பெயரைப் போர்ட்னாயின் தந்தை எடுத்துக் கொடுத்தாராம்.

அந்த உருப்படி இடம்பெற்ற 1999-ஆம் வருஷத்து ஆல்பம் முழுவதும் ஒரே கதை. ஹிப்னாடிசத்தில் ஒருவன் முன் ஜென்மத்தில் தான் கொலையுண்ட பெண் என்று அறிகிறான். ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' பார்த்த நமக்கு இதில் திகைப்பு ஏது? பேரனுக்கு அந்தப் படத்தின் கதையைச் சொன்னேன். வாய் பிளந்து கேட்டான், தமிழில்.

எல்லாமே பிடித்தது என்று சொல்ல மாட்டேன். பாடகர் ஜேம்ஸ் லப்ரீ உச்சஸ்தாயியில் நிற்கும்போது நான் ஒலியைக் குறைத்துவிடுவேன். பெட்ரூச்சியின் கிடார் சில இடங்களில் வேகத்துக்காகவே வேகம். ஆனால் 2002-ல் வந்த 42 நிமிஷ உருப்படியை, ராகம் தானம் பல்லவிக்கு உட்காருவது போல் உட்கார்ந்து கேட்டால் அலுக்கவில்லை. 2010-ல் பிரிந்து போன போர்ட்னாய் 2023-ல் திரும்பினார்; 2025-ல் 'பாரசோம்னியா' வந்தது. அந்த டிரம்ஸைக் கேட்ட என் மனைவி, "அங்கேயும் தனி ஆவர்த்தனம் உண்டா?" என்றாள்.

ஏழுக்குத் 'தகிட தகதிமி', ஐந்துக்குத் 'தக தகிட' என்று பேரனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மேஜையில் தட்டிக்கொண்டே, "தாத்தா, இது ஒம்பதா, பத்தா?" என்று கேட்கிறான். பதினேழு வரும்போதுதான் எனக்கே விரல் போதவில்லை.